ஏறிச்சு என்று சொல்லும் வரை

ராயபுரம் பனைமரத்தொட்டியில் அங்கம்மாவிடம் வேலை கேட்டு வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். புஜத்தை மடக்கிக் காட்டுவார்கள். "பாரு யக்கா, கல்லு கணக்கா கீது" என்பார்கள். ஒருத்தி வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டே வந்து வாசலில் தொப்பென்று போட்டாள். அங்கம்மா வெற்றிலையை மென்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூட்ட நல்லாத்தான் கீது. இத்த எங்கேந்து தூக்கினியோ அங்கியே கொண்டுபோயி வெச்சிடு" என்று அனுப்பிவிட்டாள். பலம் மட்டும் போதுமென்றால் ஒரு மாட்டைப் பிடித்துவந்து கட்டிவிட்டுப் போகிறாள். கரி இறக்குகிற கும்பலுக்கு மாடு எதற்கு?

அங்கம்மா ஹார்பரில் கரி இறக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர். கப்பல் நடுத்தண்ணீரில் நிற்கும். நிலக்கரியைப் படகில் ஏற்றிக் கரையோரம் கொண்டுவருவார்கள். படகின் விளிம்பிலிருந்து கரையின் கல்சுவருக்கு ஒரு பலகை போட்டிருக்கும். படகுக்குள் நிற்கிறவள் கூடையைத் தூக்கி, விளிம்பில் நிற்கிறவளின் தலையில் வைப்பாள். அதற்குக் கை கொடுப்பது என்று பெயர். சுமக்கிறவள் பலகை ஏறிக் கரையில் கொட்டிவிட்டுத் திரும்புவாள். வேலை அவ்வளவுதான், கேட்பதற்குச் சுலபம். ஆனால் படகு சும்மா நிற்காது. அலை வந்தால் சுவரைவிட்டு விலகும், மறுபடி வந்து மோதும். நடுவில் எது அகப்பட்டாலும் அதன் கதி அதோகதி.

அதனால் கும்பலில் ஒரு சட்டம் இருந்தது. கூடை சும்மாட்டில் உட்கார்ந்து கழுத்து நிலைகொண்ட பிறகு, சுமக்கிறவள் "ஏறிச்சு" என்று சொல்லுவாள். அந்தச் சொல் வருகிறவரைக்கும் கை கொடுக்கிறவள் கையை எடுக்கக்கூடாது. தும்மல் வந்தாலும் கூடாது, கண்ணில் கரித்தூள் விழுந்தாலும் கூடாது, கப்பல்கார துரையே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கூடாது.

வேலை கேட்டு வருகிறவளை அங்கம்மா தெருக்குழாய்க்குக் கூட்டிப்போவாள். ஒரு குடம் நிறையப் பிடிக்கச் சொல்லி, "இத்த தூக்கி எந்தலமேல வையி" என்பாள். பரீட்சை அதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேர், குடம் தலையைத் தொட்டதுமே கையை எடுத்துவிடுவார்கள். தன் கையைவிட்டுக் கனம் போய்விட்டது, இனி அவள் பாடு என்று. அந்த எட்டுப் பேருக்கும் வேலை கிடையாது. பரிந்து பேச வந்தவர்களுக்கு அங்கம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "தன் கனம் எறங்கினா போதும்னு நெனிக்கிறவ எனக்கு வாணாம். அடுத்தவ கழுத்து மேல ஒரு கண்ணு வெச்சிருக்கிறவதான் வோணும்."

இப்படி ஆள் எடுத்து ஒன்பது வருஷம் ஓடியது. எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன மூன்றாம் வருஷம் அவள் மேஸ்திரியானாள். அன்று முதல் மற்றக் கும்பல்களில் கை உடைந்தது, கால் போனது, ஆளே போனது. அங்கம்மா கும்பலில் ஒரு நகம் பெயர்ந்தது கிடையாது. மற்ற மேஸ்திரிகள் இவளிடம் வந்து "ஆளு எப்படிம்மா பொறுக்கறே?" என்று கேட்டுப் போவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். இருக்காதா பின்னே?

ஆனால் ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய அங்கம்மா ஒரே ஒருத்தியை மட்டும் குழாயடிக்குக் கூட்டிப்போகவில்லை. அவள் பெற்ற மகள் மங்கையை.

மங்கையின் புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவன் போனவன்தான். ஒரு கடுதாசி இல்லை, ஒரு வாய்ச்சேதி இல்லை. மங்கை தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல பெண்தான், மனதில் கல்மிஷம் கிடையாது. ஆனால் எதிலும் அவசரம். வேகுமுன்னே சோற்றை வடித்துவிடுகிற கை அது. இது அங்கம்மாவுக்குத் தெரியாதா? மகள் அடுப்பு மூட்டத் தொடங்கிய நாள் முதல் அந்த அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றவள் அவள்தானே. பரீட்சை வைத்தால் மகள் தேறமாட்டாள் என்று தெரிந்துதான் பரீட்சை வைக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

இரண்டே நாளில் கும்பலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மங்கை கை கொடுக்கிற இடத்தில் போய் நிற்க ஒருத்தியும் துணியவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். அங்கம்மாவும் பார்த்தும் பாராததுபோல வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கெங்கம்மா என்பவள்தான் முன்னே வந்தாள். கும்பலிலேயே நிதானமானவள், எதற்கும் சிரிக்கிறவள். "நா நின்னுக்கறேன்க்கா. உம் பொண்ணுன்னா எனக்கும் தங்கச்சி மாதிரிதானே. போவப்போவ கத்துக்கும், வுடு" என்றாள். அங்கம்மாவுக்கு அப்போது நெஞ்சு குளிர்ந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் அதே நெஞ்சு எரிகிறது.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பொழுது சாயச் சாய வேலை முடிகிற நேரம், படகில் நாலைந்து கூடைதான் பாக்கி. கெங்கம்மா விளிம்பில் நின்றாள். மங்கை கூடையைத் தூக்கி வைத்தாள். வைத்ததும் கையை எடுத்து அடுத்த கூடைக்குக் குனிந்துவிட்டாள். "ஏறி..." என்று கெங்கம்மா வாயெடுத்தது கரையில் நின்ற அங்கம்மாவின் காதில் விழுந்தது. பாதிச் சொல்தான் விழுந்தது. கூடை ஒருபக்கம் சாய்ந்தது, கழுத்து அதோடு சாய்ந்தது, கெங்கம்மா படகுக்கும் சுவருக்கும் நடுவில் போனாள். அந்த நேரம் பார்த்து அலை படகைத் தள்ளியது. எல்லாரும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகை விலக்கினார்கள். விலக்கி என்ன பிரயோசனம்?

விசாரிக்க ஹார்பர் ஆபீஸ் ரைட்டர் வந்தார். "எப்படி விழுந்தாள்?" என்று கேட்டார். பதினொரு பெண்களும் அங்கம்மா முகத்தைப் பார்த்தார்கள். வேலைக்கு அடையாளமான பித்தளைப் பில்லையைக் கொடுப்பதும் பறிப்பதும் அவள் கையில் அல்லவா இருக்கிறது! அங்கம்மா சொன்னாள்: "காலு வழுக்கிடுச்சு சாமி." ரைட்டர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஹார்பர் கேட்டைத் தாண்டும்போது மங்கை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அம்மே, நாந்தாம்மே வுட்டேன். அவ சொல்றதுக்குள்ளாற வுட்டுட்டேன்" என்று வாய்விட்டு அலற ஆரம்பித்தாள். அங்கம்மா பாய்ந்து அவள் வாயைத் தன் கையால் பொத்தினாள். வீடு வந்து சேருகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்றோடு மங்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலைக்கும் போகவில்லை. மூலையில் குந்தி, கையிரண்டையும் முந்தானையில் சுற்றி வைத்துக்கொள்வாள். தம்ளரைக்கூடத் தூக்க மாட்டாள். அங்கம்மாதான் சோற்றை உருண்டை பிடித்து ஊட்டினாள். ஒரு வாய் வாங்கினால் மறுவாய்க்குத் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "காலு வழுக்கிச்சு" என்பது கல்மண்டபம் போய்ச் சேருவதற்குள் "கள்ளு போட்டுகினு ஏறினாளாம்" என்று ஆகிவிட்டது. கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் கெங்கம்மா. அங்கம்மா இதைக் காதால் கேட்டாள், கேட்டுவிட்டுப் பேசாமல் நடந்தாள். ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தவள் பொய்யைத் தட்டிக்கேட்க வாய் ஏது?

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பதினேழாம் நாள் காலையில் கெங்கம்மாவின் தங்கை தாயம்மா வாசலில் வந்து நின்றாள்.

கும்பலில் இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி செத்துப்போனால் அவள் பில்லை அவள் வீட்டைச் சேர்ந்த ஒருத்திக்குத்தான். மேஸ்திரி நினைத்தாலும் மாற்ற முடியாது. பரீட்சையில் தேறாவிட்டால் மட்டும் விலக்கலாம். தாயம்மா அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். புஜத்தைக் காட்டவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை.

"யக்கா, எங்கக்கா எடம் காலியா கீது. வூட்டுல அவ பெத்தது ரெண்டு கீது. நா ஆவுவனான்னு பாரு."

அங்கம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவளைச் சேர்த்தால் தினமும் காலையில் எழுந்து கெங்கம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும். அதே மூக்கு, அதே நெற்றி. என்றைக்காவது ஒருநாள் கும்பலில் எவளாவது வாய்தவறி உளறிவிடுவாள். அப்புறம் மங்கை கதி? ஆனால் தேறவில்லை என்று சொல்லிவிட்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் தேறாத பரீட்சைதானே, இவளும் அந்த எட்டில் ஒருத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும். திருவொற்றியூர் இருக்கும் திக்கைப் பார்த்து, "வடிவுடையம்மா, இவ கைய வுட்டுடணும்" என்று வேண்டிக்கொண்டாள். ஆள் எடுக்கப்போகிற ஒரு மேஸ்திரி செய்கிற வேண்டுதலா இது?

"கொயாயடிக்கு வா" என்றாள்.

குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். கும்பல்காரிகள் நாலு பேரும் அதில் இருந்தார்கள். அங்கம்மாவையும் அவள் பின்னால் வருகிற தாயம்மாவையும் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. தாங்களாகவே வழிவிட்டார்கள். மங்கையும் பின்னாலேயே வந்து மதிலோரமாக நின்றிருந்தாள். கை முந்தானைக்குள்தான் இருந்தது.

தாயம்மா அங்கம்மாவின் பித்தளைக் குடத்தை விளிம்புவரை நிரப்பினாள். கால்களை அகட்டி வைத்து, ஒரே மூச்சில் தூக்கினாள். அங்கம்மாவின் தலையில், சும்மாட்டின் நடுவில் வைத்தாள்.

அங்கம்மா காத்திருந்தாள். இப்போது விடுவாள், இதோ விட்டுவிடுவாள்.

விடவில்லை.

வழக்கமாகத் தேறுகிறவர்களுக்கு இந்த இடத்திலேயே "ஏறிச்சு" என்று சொல்லிவிடுவாள். இன்றைக்குச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாயம்மாவின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. முழங்கை நடுங்க ஆரம்பித்து, நடுக்கம் தோளுக்கு ஏறி, குடத்து விளிம்பிலிருந்து தண்ணீர் தளும்பி இரண்டு பேர் மேலும் வழிந்தது. "போதும்க்கா, சொல்லிடு" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஏறிச்சா யக்கா?" என்று தாயம்மா கேட்டாள். பதில் இல்லை. அவள் கையும் நகரவில்லை.

பிறகு தாயம்மாவே பேசினாள். கோபமாகப் பேசவில்லை. கனத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு மூச்சு வாங்குமே, அந்த மூச்சோடு பேசினாள்.

"எங்கக்கா தெனம் சொல்லும். அங்கம்மா கும்பல்ல எவளும் சொல்லாம கைய எடுக்கமாட்டா, எங்கம்மா தூளியில போட்டா மாதிரி பயமில்லாம நிப்பேன்னு சொல்லும். எனக்கு இதே மாதிரி கொடத்த வெச்சி கத்துக்குடுத்துது. இப்ப ஊருல கள்ளு குடிச்சான்றாங்க, காலு வழுக்கிச்சின்றாங்க. அது வழுக்குற காலாக்கா? நீ சொல்லு. எல்லாம் கைய வுடாதவளுங்கன்னா எங்கக்கா எப்படி வுயுந்துது?"

அங்கம்மாவுக்குத் தலையில் இருந்த குடம் பத்துக் குடமாகக் கனத்தது. கும்பல்காரிகள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழாயில் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதிலோரத்தில் மங்கை ஓரடி முன்னே வந்தாள். அவள் வாய் திறந்துவிட்டது. பதினேழு நாளாகத் திறக்காத வாய்.

மகள் பேசுவதற்குள் தாய் பேசிவிட்டாள்.

"எம் பொண்ணு கைய வுட்டுட்டா." அது தெருவுக்கே கேட்டது. "கெங்கம்மா சொல்லி முடிக்கல. அதுக்குள்ளாற வுட்டுட்டா. அவ வுடுவான்னு எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கொடம் வெச்சிப் பாத்த முண்ட, பெத்ததுக்கு வெக்கல. அவ வுடுவான்னு தெரிஞ்சி நா போயி நிக்கல, உங்கக்காவ நிக்கவுட்டேன். காலு வழுக்கிச்சின்னு ரைட்டராண்ட சொன்னதும் நாந்தான். உங்கக்கா மேல ஒரு தப்பும் கெடையாதுடி. அது நின்ன நெலைதான் நெலை."

மங்கை மண்ணில் குந்திவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று அந்த ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் போக யாருக்கும் தோன்றவில்லை.

தாயம்மாவின் கண் அங்கம்மாவின் கண்ணைவிட்டு அகலவில்லை. குடம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அந்தக் கணத்தில் அவள் கையை விட்டிருந்தால் குடம் சரிந்து அங்கம்மாவின் கழுத்தை முறித்திருக்கும். கேட்க ஓர் ஆள் வந்திருக்காது. அங்கம்மாவே அதைத்தான் எதிர்பார்த்தாள், சத்தியமாக எதிர்பார்த்தாள். விட்டுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

தாயம்மா குடத்தை மெல்லத் தூக்கினாள். சும்மாட்டைவிட்டு எடுத்து, மார்பளவுக்கு இறக்கி, இடுப்பளவுக்கு இறக்கி, தரையில் சத்தமில்லாமல் வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம்தான் அழுதாள். நின்றபடியே, சத்தமில்லாமல், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கி எந்நேரத்துக்கு வரணும்?"

அங்கம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாடி கேக்கறே?"

"வேலைக்கி. அதுங்க ரெண்டுத்துக்கும் வயிறு கீது. வயித்துக்கு ஞாயம் கீயம் ஒண்ணும் தெரியாது."

"சங்கு ஊதறதுக்கு மின்னாடி வந்துடு" என்றாள் அங்கம்மா.

"எனக்குக் கை குடுக்கறது யாரு?"

அங்கம்மா தன் கும்பல்காரிகளைப் பார்த்தாள். எல்லாரும் அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள், ஒருத்திகூட சோடை இல்லை. யாரை வேண்டுமானாலும் கைகாட்டலாம். அவள் மதிலோரம் போய் மங்கையின் இடுப்பில் சொருகியிருந்த பில்லையை உருவி எடுத்தாள். மங்கை மறுக்கவில்லை.

"நான்" என்றாள்.

அதே நாளில் ஹார்பருக்குப் போய் ரைட்டரிடமும் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, "எழுதியாச்சும்மா, மேலே போயாச்சு" என்றார். "திருத்தி எழுதுங்க சாமி" என்று வெகுநேரம் நின்றாள். எழுதியது எழுதியதுதான் என்று அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். கெங்கம்மா அந்தக் காகிதத்தில் இன்றைக்கும் கால் வழுக்கித்தான் விழுந்துகொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை. பனி விலகவில்லை, படகு சுவரோரம் வந்து நின்றிருந்தது. அங்கம்மா மேஸ்திரிப் பிரம்பைக் கும்பலில் மூத்தவளான பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படகுக்குள் இறங்கினாள். கை கொடுத்து ஒன்பது வருஷமாகிறது. இடுப்பு முன்போல வளையவில்லை. தாயம்மா விளிம்பில் வந்து நின்றாள். அவள் அக்காள் நின்ற அதே இடம், பலகையும் அதே பலகைதான்.

அங்கம்மா கூடையை நிரப்பினாள், தூக்கினாள். முட்டி கடகடத்தது. தலைக்குமேல் கொண்டுபோய்ச் சும்மாட்டில் உட்காரவைத்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாயம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கூடை நன்றாக ஏறியிருந்தது, கழுத்தும் நிலைகொண்டிருந்தது. பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தாயம்மா சொல்லவில்லை, நேரே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கம்மாவின் கை நடுங்கியது, நடுக்கம் தோளுக்கு ஏறியது, கரித்தூள் கண்ணில் கொட்டிக் கண்ணீரோடு வழிந்தது. "அங்க இன்னா வேடிக்க, ஜல்தி ஜல்தி!" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. அங்கம்மா பிடியை விடவில்லை.

"ஏறிச்சு" என்றாள் தாயம்மா, வெகுநேரம் கழித்து.

அங்கம்மா கையை எடுத்தாள். தாயம்மா திரும்பிப் பாராமல் பலகை ஏறிப் போனாள், கொட்டினாள், திரும்பி வந்து அதே விளிம்பில் நின்றாள்.

அன்றைக்குப் படகில் நூற்றுக்கு மேல் கூடைகள் இருந்தன. ஒவ்வொரு கூடைக்கும் தாயம்மா அப்படியே சொல்லாமல் நின்றாள். ஒவ்வொரு கூடைக்கும் அங்கம்மா பிடித்துக்கொண்டே நின்றாள்.